காளான் செடி இல்லை



இரண்டு நாளாக ஒரு படம் சுற்றுகிறது. ஒரு பக்கம் கலிபோர்னியாவின் ஜெனரல் ஷெர்மன் மரம். மறு பக்கம் தேன் காளான். மரம் ஆயிரம் ஆண்டு நிற்குமாம், காளான் என்னும் அற்பச் செடி இரண்டு நாளில் மடியுமாம். மனிதன் மரம்போல் வாழ வேண்டுமாம். என்னிடம் படித்தவர்களே கைதட்டியிருக்கிறீர்கள். பொறுக்கவில்லை.

ஷெர்மன் பெரிய மரம்தான். செகோயா என்ற ஊசியிலை இனம், ஏறத்தாழ 84 மீட்டர் உயரம், வயது 2,000 ஆண்டுக்கு மேல். யார் மறுத்தார்கள்?

ஆனால் காளான் என்று நீங்கள் பார்ப்பது அதன் காய் மாதிரி. மாமரத்தை மறைத்துவிட்டு ஒரு மாம்பழத்தைக் காட்டி, 'மாமரம் ஒரு வாரத்தில் அழுகிவிடும்' என்பீர்களா? காளானின் உடல் மண்ணுக்குள் நூல் நூலாக ஓடுகிறது. ஆரிகன் மாநிலத்து மல்ஹூர் காட்டில் இந்தத் தேன் காளான் இனத்தின் ஒரே ஓர் உயிர் சுமார் 965 ஹெக்டேர் பரவியிருக்கிறது. நம் கணக்கில் 2,380 ஏக்கர்! பல இடத்தில் துண்டெடுத்துச் சேர்த்து வளர்த்தார்கள். வேறு வேறு உயிரானால் நடுவே எல்லைக்கோடு விழும், ஒரே உயிரானால் கலந்துவிடும். மரபணுவும் பார்த்தார்கள். வயதுக்குச் சொல்லும் குறைந்த கணக்கே 1,900 ஆண்டு. ஷூ லேஸ் போன்ற கறுப்பு இழைகளால் வேருக்கு வேர் தாவி, அங்குள்ள ஊசியிலை மரங்களைத்தான் கொன்று தின்கிறது. இதுவா அற்பம்?

செடியும் இல்லை. பச்சையம் கிடையாது. செல்சுவரில் இருப்பது கைட்டின், நண்டு ஓட்டில் உள்ள பொருள். 1969-லேயே விட்டேக்கர் பூஞ்சைகளைத் தனி உலகமாகப் பிரித்துவிட்டார். உறவு பார்த்தால் செடியைவிட விலங்குக்குத்தான் பக்கம்.

இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. 'பூவாத் தாவரம்' என்று படித்தேன், அப்படியே நடத்தினேன். ஆறாம் வகுப்பில் ஒரு பெண், "பச்சையே இல்லையே சார், அது எப்படி சாப்பாடு செய்யும்?" என்று கேட்டாள். "புத்தகத்தில் இருப்பதை எழுது" என்றேன். பரீட்சையில் 'தாவரம் இல்லை' என்று எழுதினாள். சிவப்பு மையால் அடித்தேன். அவள் இதைப் படிப்பாள் என்று தெரியும். அம்மா, உன் விடை சரி. ஒரு மார்க் உனக்கு நான் பாக்கி.

படத்தை முதலில் போட்டவர் எனக்கு மாப்பிள்ளை முறை, அதனால் பெயர் சொல்லவில்லை. பகிர்ந்த மாணவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. இன்றைக்கே நீக்குங்கள்.