அரங்கேறாத மொழிபெயர்ப்புகள்

வழிநூலின் வகை நான்கனுள் மொழிபெயர்ப்பையும் ஒன்றாக வைத்தார் தொல்காப்பியர். ஆயின் நாடகத்தின் வழிநூல் ஏட்டோடு முடிவதன்று. நடிகன் நாவிலும் எதிரே அமர்ந்திருப்போர் செவியிலுமே அது நிறைவு பெறுகிறது. பிறமொழி நாடகங்களைத் தமிழாக்கிய அறிஞர் பலர் இதனைக் கருத்திற் கொள்ளவில்லை என்பதே என் துணிபு. அவர்தம் நூல்கள் நூலகங்களில் உள்ளன, மேடையில் இல்லை.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார மக்களுக்கு நாடகம் புதிதன்று. வானம் பார்த்த இப்பூமியில் பருத்தியும் மிளகாயும் வீடு வந்து சேர்ந்தபின், பங்குனி, சித்திரைப் பொங்கல் விழாக்களில் ஊர்ப் பொட்டலில் தொடங்கும் ‘ஸ்பெஷல் நாடகம்’ விடியும்வரை நடைபெறும். ராஜபார்ட் ஓரூரிலிருந்தும் பபூன் வேறோரூரிலிருந்தும் வந்து சேர்வர். ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) பாடம் அனைவர்க்கும் மனப்பாடம். ‘வள்ளி திருமண’த்தில் வேலனுக்கும் வள்ளிக்கும் நிகழும் தர்க்கத்தைக் கேட்பதற்கென்றே பல கல் நடந்து வந்தோர் உண்டு. பாட்டொன்று விடுபட்டால் எழுத்தறியா மூதாட்டியும் கண்டுகொள்வார். இத்தகைய அவையின் முன் நம் மொழிபெயர்ப்பு நாடகங்களுள் எத்தனை அரைமணி நேரம் தாக்குப்பிடிக்கும்?

சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ 1891-இல் வெளிவந்தது. லிட்டன் பிரபுவின் கதையொன்றைப் பாண்டிய நாட்டிற்குக் கொணர்ந்து, அகவலில் அமைத்த பெருமுயற்சி அது. எனினும் பெரும்பாலும் படிக்கும் நாடகமாகவே அது நிலைத்துவிட்டது. அதே ஆண்டில் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியார் மாற்று வழி கண்டார். தாமே நடிகராதலின், வாயில் வராத தொடரை அவர் எழுதவில்லை. ‘ஹாம்லெட்’ அமலாதித்யன் ஆயிற்று. ‘மாக்பெத்’ மகபதி ஆயிற்று. ஒலியையும் விடாது, தமிழ்ச் செவிக்கும் உறுத்தாது பெயரிட்ட அத்திறம் வியக்கத்தக்கது.

பெயரை மாற்றுவது எளிது. கதையின் குற்றத்தை எவ்வாறு மாற்றுவது? ‘ஹாம்லெட்’டையே கொள்வோம். தமையன் மனைவியைத் தம்பி மணப்பது அந்நாளைய ஆங்கிலேயர்க்குப் பெரும்பாவம். எட்டாம் ஹென்றி மன்னன், தமையனின் கைம்பெண்ணாகிய காதரீனோடு செய்த மணம் இக்காரணங்காட்டியே 1533-இல் செல்லாதெனப்பட்டது. நம் கல்லூரி மேடையில் இதனை அப்படியே நடித்தால், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஜமாஅத் பெரியவர், “இதில் என்ன தவறு?” என்றே கேட்பார். மார்க்கத்தில் அம்மணம் ஆகுமானதே. அறுத்துக் கட்டும் வழக்கமுள்ள நம் கிராமத்துச் சமூகங்களுக்கும் அது திடுக்கிடும் செய்தியன்று. இளவரசனின் குமுறல் அவையோர்க்குக் காரணமற்ற கோபமாகத் தோன்றும். நாடகம் அங்கேயே வீழ்ந்துவிடும்.

வழி மூலத்திலேயே இருக்கிறது. தந்தை இறந்து ஒரு திங்களுக்குள் தாய் மறுமணம் புரிந்தாள் என்பதே மகன் மீண்டும் மீண்டும் சொல்லிப் புலம்புவது. கணவனை இழந்தவள் இத்தா இருக்க வேண்டிய காலம் நான்கு மாதமும் பத்து நாளும் என்பதை நம் வீட்டுச் சிறுமியரும் அறிவர். தலைத்திவசம் கழியுமுன் மணமேடை ஏறுவதை எந்தக் கிராமம் பொறுக்கும்? மொழிபெயர்ப்பாளன் உறவுமுறையை அழுத்தாது அவசரத்தை அழுத்தினால் போதும், அவை அதிர்ந்துவிடும். பெயர்க்கப்பட வேண்டியது அந்த அதிர்ச்சியே. சொல்லுக்குச் சொல் வைப்பதால் அது வாராது.

‘வெனிஸ் வணிகன்’ இன்னும் இடர்ப்பாடானது. ஷைலாக்கைப் பம்மலார் ஷாம்லால் ஆக்கினார். வட்டிக்கடனின் கொடுமையை மழை பொய்க்கும் இவ்வட்டாரத்தில் எவருக்கும் விளக்க வேண்டுவதில்லை. ஆனால் யூதர் மீது மூலம் காட்டும் வெறுப்பு, பெயர் மாறும்போது வேறொரு சமூகத்தின் தோளில் ஏறிவிடுகிறது. பம்மலார்பால் எனக்குள்ள மதிப்பு பெரிது. ஆயினும் இவ்விடத்தில் அவர்வழிச் செல்ல என்னால் இயலவில்லை. எண்ணிக்கையிற் சிறிய சமூகத்தினராகிய நாம் இதனை எளிதாகக் கடந்து போதல் கூடாது. அவனை எச்சமூகத்தவனும் ஆக்காது வட்டிக்காரனாக மட்டும் நிறுத்தலாமே என்பர் சிலர். அவ்வாறு செய்தால் தன் இனத்தார் பட்ட இழிவுக்காக அவன் எழுப்பும் வினா பொருளற்றுப் போகும். நாடகத்தின் உயிரே அங்குதான் இருக்கிறது. ஆகவே அவனை வெனிஸ் நகரத்து யூதனாகவே விட்டு, மொழியை மட்டும் தமிழாக்குவதே நேர்மை. எல்லா நாடகத்தையும் நம் ஊருக்கு இழுத்து வர வேண்டிய கட்டாயம் யாதுமில்லை.

நம் மாணவர் ‘ஹாம்லெட்’டை எடுத்துச் செய்வாராயின், தாயும் மகனும் தனியறையில் மோதும் காட்சியை உரைநடையாக நீட்ட வேண்டா. தர்க்கமாக எழுதுக, அதனைக் கேட்கும் பயிற்சி இவ்வூர்ச் செவிகளுக்குத் தலைமுறை தலைமுறையாக உண்டு. தனிமொழிகளுள் ஒன்றிரண்டு விருத்தமாகலாம். குழிவெட்டுவோன் காட்சிக்கு மட்டும் மொழிபெயர்ப்பாளன் வருந்த வேண்டுவதில்லை. நல்ல பபூன் நடிகர் ஒருவரிடம் கதையைச் சொல்லிவிட்டால் மீதியை அவரே பார்த்துக்கொள்வார்.