வாசலுக்கு மேலே நாலடிப் பாளம்

அண்மையில் வன்னியிலுள்ள உறவினர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். செங்கல்லாற் கட்டிய வீடு. குடிபுகுந்து மூன்று ஆண்டுகளே ஆகின்றன. முன்கதவு பூட்டவியலாது இறுகிக் கிடந்தது. தச்சர் இரு தடவை சீவியும் பயனில்லை. நிலையின் மேல்மூலையிலிருந்து படிபடியாக ஏறியிருந்த வெடிப்பைக் கண்டு பூச்சை உடைத்துப் பார்த்தோம். லிண்டல் ஒரு பக்கச் சுவரில் இரண்டு விரலகலமே ஊன்றியிருந்தது.

"கதவுநிலை இருக்குத்தானே, அது தாங்குமெண்டு மேசன் சொன்னவர்" என்றார் உறவினர்.

இங்கேதான் தவறு. கதவுநிலை கதவைத் தாங்குவதற்கானது, சுவரைத் தாங்குவதற்கானதன்று. வாசலுக்கு மேலுள்ள செங்கல்லின் பாரத்தை இருபுறச் சுவர்களிலும் இறக்குவது லிண்டலே. அது ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 6 அங்குலமாவது சுவரில் ஊன்ற வேண்டும். 3 அடி வாசலுக்கு 4 அடிப் பாளம் தேவை. மிச்சம் பிடிக்க எண்ணி இந்த ஓரடியிற் கைவைப்பவர் பின்னர் சுவரையே உடைக்க நேரிடும்.

கம்பியும் அவ்வாறே. பாரம் ஏறும்போது பாளத்தின் மேற்பக்கம் அமுங்குகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. கொங்கிறீற் அமுக்கத்தைத் தாங்கும், இழுவைக்கு வெடிக்கும். எனவே பிரதான கம்பிகள் அடிப்பக்கத்தில், ஏறத்தாழ ஓரங்குலக் கொங்கிறீற் மூடியிருக்க அமைய வேண்டும். நிலத்தில் வார்த்து உயர்த்தும் பாளத்தைத் தலைகீழாக வைத்தால் கம்பி இருந்தும் இல்லாததே.

போருக்குப் பின்னர் வடக்குக் கிழக்கில் எழுந்த உதவி வீடுகளிற் பல, உரிமையாளரே பொறுப்பேற்றுக் கட்டியவை. 2012 இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டக் கட்டத்தில் வீடொன்றுக்கு 550,000 ரூபா வழங்கப்பட்டது. அந்த முறையை நான் குறைகூறவில்லை. தன் வீட்டைத் தானே கட்டுவதில் ஒரு மதிப்பு உண்டு. ஆயினும், எந்தத் திட்டமானாலும், பொறுப்பை ஒப்படைப்பவர் அதற்குரிய அறிவையும் ஒப்படைக்க வேண்டாமா? கணவனை இழந்த பெண்ணொருத்தி மேசனிடம் "கம்பி எந்தப் பக்கம்?" என்று கேட்க, தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கை போதும். பூச்சுக்கு முன்னர் தொழில்நுட்ப அலுவலர் ஒருமுறை வந்து பார்த்தாற் போதும்.

பூச்சு முடிந்தபின் லிண்டல் எவர் கண்ணுக்கும் தெரியாது. ஆகவே, வீடு கட்டும் அன்பர்களே, பூசுவதற்கு முன்னர் ஒவ்வொரு வாசலுக்கும் மேலே அளவுநாடா பிடித்துப் பாருங்கள். மேசன் கோபித்தாலும் பாதகமில்லை. அந்த வாசலால் நாளை போய்வரப் போவது உங்கள் பிள்ளைகள்.