மூச்சையும் எண்ணுங்கள்

அன்று எனக்கு நைட் டியூட்டி. கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்திருந்த ஓர் அம்மா, "ஒண்ணுமில்லே சிஸ்டர், ஏதோ படபடன்னு இருக்கு" என்றார். ஜுரமில்லை, பிரஷரும் சரி, கட்டிலும் ரத்தமில்லை. ஆனாலும் அவர் புரண்டு புரண்டு படுத்தது எனக்கு உறுத்திற்று. நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்தபடி மூச்சை முழுசாய் ஒரு நிமிஷம் எண்ணினேன். 28! நாடியோ 120. டாக்டரை எழுப்பினேன். வயிற்றுக்குள் ரத்தக் கசிவு! உடனே மறு ஆபரேஷன், பிழைத்துக்கொண்டார்.

பிரஷர் பெரும்பாலும் தாமதமாகத்தான் இறங்கும். மூச்சும் நாடியும் முந்திச் சொல்லிவிடும். பெரியவர்களுக்கு ஓய்வில் நிமிஷத்துக்கு 12 முதல் 20 மூச்சு சகஜம். எண்ணுவது தெரிந்தால் மூச்சு மாறிவிடும். அதற்குத்தான் நாடி பார்க்கிற பாவனை.

சகோதரிகளே, வீட்டில் நோயாளி "ஒண்ணுமில்லே" என்றாலும் எண்ணிப் பாருங்கள். 25-ஐத் தொட்டால் டாக்டரிடம் போகத் தாமதிக்காதீர்கள்.