பாக்கி நிற்கும் 15 கிலோமீட்டர்

சென்னை மெட்ரோ ரயிலைப் பற்றிச் செஞ்சி வியாபாரிகளுக்கு என்ன கவலை என்று சிலர் கேட்கக்கூடும். கவலை இருக்கிறது. நமது ஊருக்கு ரயில் கிடையாது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு 2006-07ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்ற பாதையில் இன்றுவரை வண்டி ஓடவில்லை. கொள்முதலுக்குச் சென்னை செல்ல நமக்குப் பேருந்துதான் கதி. அந்தப் பேருந்து நம்மை எங்கே இறக்கி விடுகிறது என்பதைப் பொறுத்தே அன்றைய நாள் லாபமா நஷ்டமா என்பது முடிவாகிறது.

2002 முதல் நாம் கோயம்பேட்டில் இறங்கி வந்தோம். 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு முதல் ஆலந்தூர் வரை சுமார் 10 கிலோமீட்டருக்கு மெட்ரோ ஓடத் தொடங்கியது. 2018 மே மாதம் முதல் சென்ட்ரலுக்கு நேராகப் போக முடிந்தது. 2019 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம், மண்ணடி நிலையங்களும் திறக்கப்பட்டன. பஸ்ஸை விட்டு இறங்கி ரயில் ஏறினால், சவுகார்பேட்டையில் கடை திறக்கும் நேரத்துக்குப் போய், சரக்கைப் பார்த்து விலை பேசி, லாரி ஆபீசில் புக்கிங் போட்டுவிட்டு இரவுக்குள் வீடு திரும்பலாம் என்ற நிலை வந்தது.

2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. 2024 ஜனவரி இறுதியில் திண்டிவனம் மார்க்கமாக வரும் அரசுப் பேருந்துகள் அங்கே மாற்றப்பட்டன. நகருக்குள் நெரிசல் குறைய வேண்டும் என்பதில் நமக்கு மாறுபட்ட கருத்து இல்லை. ஆனால் மெட்ரோ விமான நிலையத்தோடு நின்றுவிட்டது. பக்கத்தில் மின்சார ரயில் நிலையம் கட்டும் வேலையும் பேருந்து நிலையம் திறந்த பிறகே தொடங்கியது. கடையைத் திறந்து வியாபாரத்தை ஆரம்பித்துவிட்டுப் பிறகு படிக்கட்டு கட்டியது போலாயிற்று.

விமான நிலையத்திலிருந்து பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர் வழியாகக் கிளாம்பாக்கம் வரை 15.46 கிலோமீட்டர் நீட்டிப்புக்குத் திட்டம் இருக்கிறது. நிலையங்கள் 13, மதிப்பீடு ரூ.9,335 கோடி. முதற்கட்டப் பணிகளுக்கு ரூ.1,964 கோடிக்கு மாநில அரசு 2025இல் ஒப்புதல் தந்தது. ஜி.எஸ்.டி. என்றால் நமக்கு வரிதான் நினைவுக்கு வரும். இந்த ரயில் வரப்போவதும் ஜி.எஸ்.டி. சாலையின் மேலேதான்! இது முடிந்தால் பேருந்து நிலையத்திலிருந்து மண்ணடி வரை ஒரே தடத்தில் போய்விடலாம்.

"சரக்கு லாரியில் வருகிறது, ஆர்டர் போனில் போகிறது, இனி சென்னைக்கு ஏன் அலைய வேண்டும்?" என்று கேட்கும் நண்பர்களும் உண்டு. லோடு கணக்கில் வாங்கும் மொத்த வியாபாரிக்கு அது பொருந்தும். சீரகம் ஒரு மூட்டை, முந்திரி ஒரு டின் என்று வாங்கும் சிறு கடைக்காரர் கையில் அள்ளிப் பார்க்காமல் வாங்கினால் கழிவு அவர் தலையில்தான் விழும். கடையைக் கவனிக்க இன்னொரு ஆள் இல்லாதவருக்கு ஒரு நாள் கொள்முதல் இரண்டு நாளானால், இரண்டு நாள் கல்லா மூடிக் கிடக்கும். பூட்டிய கதவைப் பார்த்த வாடிக்கையாளர் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போவார். போனவர் திரும்பி வருவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மெட்ரோவில் மூட்டை ஏற்ற முடியாது என்பதும் நமக்குத் தெரியும். ஆள் ரயிலில் போகட்டும், சரக்கு லாரியில் வரட்டும். நாம் கேட்பது மூன்றே மூன்று. ஒன்று, இந்த நீட்டிப்பை மத்திய, மாநில அரசுகள் இரண்டும் முன்னுரிமை கொடுத்து முடிக்க வேண்டும். வடசென்னையில் வண்ணாரப்பேட்டை முதல் விம்கோ நகர் வரை 9 கிலோமீட்டர் நீட்டிப்பு 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. வடக்கு விளிம்புக்குக் கிடைத்தது தெற்கு விளிம்புக்கும் கிடைக்கட்டும். இரண்டு, அதிகாலைப் பேருந்துகளில் வந்து இறங்குவோருக்கு ஏற்றபடி முதல் ரயிலின் நேரம் அமைய வேண்டும். மூன்று, ரயில் வரும்வரை கிளாம்பாக்கத்திலிருந்து பாரிமுனைக்கு விடியற்காலையில் நிற்காமல் செல்லும் பஸ்கள் போதுமான அளவில் வேண்டும்.

புறநகர் ரயில் என்றாலே புறநகர்வாசிகளுக்கு மட்டும் என்று திட்டமிடுவோர் எண்ணிவிடக் கூடாது. கிளாம்பாக்கத்தில் வந்து இறங்குபவர்கள் செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் போன்ற ஊர்க்காரர்கள். ஆகவே நமது பகுதி வணிகர் சங்கங்கள் ஒன்றுகூடித் தீர்மானம் நிறைவேற்றி, சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் நேரில் அளிக்க வேண்டும். வர வேண்டிய பாக்கியைக் கேட்க வியாபாரி கூச்சப்படலாகாது.