சட்டத்தின் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள்

அமெரிக்காவின் முதல் பெண் அமைச்சர் பிரான்சஸ் பேர்கின்ஸ். 1933 முதல் 1945 வரை தொழில் அமைச்சராக இருந்தவர். நமது கூட்டங்களில் இந்தப் பெயர் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பது நமது கருத்து.

1911 மார்ச் 25. நியூயோர்க்கில் ட்ரையாங்கிள் என்ற தையல் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. ஒன்பதாம் மாடியில் ஒரு கதவு பூட்டிக் கிடந்தது. 146 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்த குடும்பங்களின் இளம் பெண்கள். அருகில் ஒரு நண்பர் வீட்டில் தேநீர் அருந்திக்கொண்டிருந்த பேர்கின்ஸ் ஓடி வந்தார். பெண்கள் ஜன்னல்களிலிருந்து குதித்ததைக் கண்ணால் பார்த்தார்.

பிறகு அமைக்கப்பட்ட விசாரணைக் குழுவுக்காக அவர் சட்டசபை உறுப்பினர்களை நேரே தொழிற்சாலைகளுக்கு அழைத்துப் போனார். பனி உறைந்த ஓர் ஏணிதான் தீத்தப்பும் வழி என்றார்கள். ரொபர்ட் வாக்னர் என்ற உறுப்பினரை அந்த வழியாகவே ஊர்ந்து போகச் செய்தார். லயத்தை ஒரு நாளும் எட்டிப் பார்க்காமல் லயத்தைப் பற்றித் தீர்மானம் எடுப்பவர்களை நாமும் அறிவோம்.

1912இல் பெண்களின் வேலை நேரத்தை வாரத்துக்கு 54 மணியாகக் குறைக்கும் சட்டம் வந்தது. ஆனால் பழமும் காய்கறியும் டின்னில் அடைக்கும் ஆலைகளின் பெண்களை முதலாளிமார் அதிலிருந்து நீக்க வைத்தார்கள். பேர்கின்ஸ் கிடைத்ததை ஏற்றுக்கொண்டார். 1935இல் முதியோர் ஓய்வூதியமும் வேலையற்றோர் காப்புறுதியும், 1938இல் மணிக்கு 25 சதம் என்ற குறைந்தபட்சச் சம்பளமும் வந்தபோதும் அதே கதைதான். விவசாயத் தொழிலாளர்களும் வீட்டு வேலைக்காரர்களும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். அவர்களில் கறுப்பின மக்கள் ஏராளம்.

இதை வைத்து அவரைத் துரோகி என்று சொல்ல நாம் தயாரில்லை. துறைமுகத் தொழிலாளர் தலைவர் ஹாரி பிரிட்ஜஸை நாடு கடத்தவில்லை என்பதற்காக 1939இல் அவரையே பதவி நீக்கப் பார்த்தார்கள். அதையும் தாங்கி நின்றவர் அவர். கோடிக்கணக்கானோருக்குச் சோறு போடும் சட்டத்தை, எல்லோருக்கும் கிடைக்கவில்லை என்று தூக்கி எறிய முடியாது. நாம் கோபப்படுவது வேறொன்றுக்காக. பாதி கிடைத்ததும் முழுதும் கிடைத்ததாகக் கொண்டாடி, விடுபட்டவர்களை மறந்துவிடும் பழக்கத்துக்காக. அந்தப் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. சம்பளம் கூடியதும் பட்டாசு கொளுத்துகிறோம். பேர் பதியாமல், கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கும் அக்காவுக்கு அதில் என்ன உண்டு, அவருக்குச் சேமலாப நிதி உண்டா என்று எத்தனை தலைவர்மார் கேட்டோம்?

அமெரிக்காவில் பெரிய பண்ணைகளின் தொழிலாளர்களைக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்துக்குள் கொண்டுவரும் திருத்தம் 1966இல்தான் நிறைவேறியது. பேர்கின்ஸ் அதற்கு முந்தைய ஆண்டே காலமாகியிருந்தார்.