அழிச்சிடலாமா சார்?



இது கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் ஐந்து நிமிடம் வகுப்பைப் பிடித்து வைக்கிறவன்தானே நான்! பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் பேத்தியைத் தொட்டிலில் போட்டோம். மருமகள் கைப்பேசியில் யூடியூபைத் திறந்து ஒரு தாலாட்டை ஓடவிட்டாள். நல்ல பாட்டு, நல்ல குரல். குழந்தைக்குக் கண் சொக்குகிற நேரத்தில் பாட்டு நின்று, ஏதோ ஒரு சமையல் எண்ணெய் விளம்பரம் வீடே அதிரும்படி கத்தியது. பிள்ளை வீறிட்டு அழுதாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அப்போது என் மகள் கேட்டாள்: "அப்பா, நான் பொறந்தப்ப உங்க அப்பாயி பாடின தாலாட்டை நீங்க டேப்புல பிடிச்சீங்கன்னு அம்மா சொல்வாங்களே, அது எங்க இருக்கு? அதைப் போடலாம்ல?"

நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். 40 ஆண்டுகளுக்கும் மேலாகத் தள்ளிப்போட்ட பதில் அது. இன்று உங்கள் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

1982-ல் மகள் பிறந்தபோது, சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த சித்தப்பா ஒரு டேப் ரெக்கார்டர் கொடுத்தார். பட்டையாக, முன்னால் பியானோ கட்டை போல ஐந்தாறு பொத்தான்கள் உள்ள பெட்டி. பதிய வேண்டுமானால் இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்க வேண்டும். எங்கள் கடலோரப் பக்கத்தில் இலங்கை வானொலி நன்றாகக் கேட்கும். கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் குரல்களுக்காகவே ரேடியோ முன்னால் உட்கார்ந்த தலைமுறை நாங்கள். பிடித்த பாட்டு வரும்போது ரேடியோவுக்கு எதிரே டேப் ரெக்கார்டரை வைத்துவிட்டு, வீட்டில் எல்லாரையும் வாயை மூடச் சொல்வேன். சேவலிடம் சொல்ல முடியாது. அதனால் பல பாட்டுகளில் சேவலும் சேர்ந்து பாடியிருக்கும்.

ஒருநாள் மதியம் அப்பாயி என் மகளைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே பாடினார். என் மனைவிதான், "என்னங்க, இதைப் பிடிங்க" என்றாள். 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் முழுவதும் பிடித்தேன். அந்தத் தாலாட்டில் என் மைத்துனர்கள் பெயர் எல்லாம் வரும். யார் என்ன சீர் கொண்டுவந்தார்கள், எந்தக் குளத்தங்கரையில் வண்டி நின்றது, எந்தக் கோயிலில் வேண்டிக்கொண்டோம் என்பதெல்லாம் வரும். அன்றைக்கு அங்கேயே அவர் கட்டிய பாட்டு அது.

1984-ல் ஒரு மாதக் கடைசி. பட்டுக்கோட்டையில் ஒரு ரெக்கார்டிங் சென்டருக்குப் போனேன். அன்று பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு நினைவிருக்கும்: நாம் விரும்பும் பாட்டுகளைத் தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தால், நான்கு நாள் கழித்துக் கேசட்டில் பதிந்து தருவார்கள். ஏ பக்கம் ஆறு, பி பக்கம் ஆறு என்று 12 சினிமாப் பாட்டு எழுதிக் கொடுத்தேன். புதுக் கேசட் வாங்கக் கையில் காசு இல்லை. வீட்டிலிருந்து பழைய கேசட் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். கடைக்காரர் அதைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுல ஒரு பாட்டியம்மா பாடுறாங்களே, அழிச்சிடலாமா சார்?"

"அழிச்சிடுங்க. சும்மா வீட்டுல பாடினதுதான்" என்றேன்.

அப்பாயிதான் உயிரோடு இருக்கிறாரே, எப்போது வேண்டுமானாலும் மறுபடி பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். 1986-ல் அவர் போய்விட்டார். இடையில் இரண்டு வருடம் இருந்தது. ஒருநாள்கூட நான் அந்தப் பெட்டியை அவர் முன்னால் கொண்டுபோய் வைக்கவில்லை.

என்னிடம் 10-ஆம் வகுப்பு அறிவியல் படித்தவர்களுக்குக் காந்தவியல் பாடம் நினைவிருக்கும். அறுந்துபோன கேசட் நாடாவைக் கொண்டுவந்து காட்டுவேன். 4 மில்லிமீட்டருக்கும் குறைவான அகலமுள்ள பிளாஸ்டிக் நாடா. அதன்மேல் இரும்பு ஆக்சைடுத் துகள். ஒலி மின்னோட்டமாகி, அந்தத் துகள்களைக் காந்தமாக்கி வரிசைப்படுத்துகிறது. பதியும்போது நாடா முதலில் அழிக்கும் தலையைக் கடந்து, பிறகுதான் பதியும் தலைக்கு வரும். பழையது துடைக்கப்பட்ட பிறகே புதியது ஏறும். அதை நடத்தும்போதெல்லாம் எனக்குத் தொண்டை கட்டும். சாக்பீஸ் தூசி என்று சொல்லிச் சமாளித்திருக்கிறேன்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். அந்தக் காலம் பொற்காலம், இந்தக் காலம் கெட்டுப்போச்சு என்று நான் சொல்லப்போவதில்லை. கேசட் ஓட ஓடத் தேயும். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பதிந்தால் ஒலி மங்கும். இன்றைக்கு ஒரு கோப்பை நூறு பேருக்கு அனுப்பினாலும் நூறும் ஒன்றுபோல இருக்கும். அன்று நான் எழுதிக் கொடுத்த 12 பாட்டும் இன்று என் கைப்பேசியில் உண்டு. பெயரைச் சொன்னாலே போதும், ஐந்து நொடியில் பாடுகிறது. காலை நடையின்போது அவற்றைத்தான் கேட்கிறேன். சந்தோஷமாகவே கேட்கிறேன்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். அந்த 12 பாட்டும் இசைத்தட்டு நிறுவனத்திடம் இருந்தன, வானொலி நிலையங்களில் இருந்தன, ஆயிரக்கணக்கான வீடுகளில் இருந்தன. நான் பதியாவிட்டாலும் அவை தொலைந்திருக்காது. அப்பாயியின் பாட்டு உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. எங்கும் கிடைக்கிற பொருளுக்காக, எங்குமே கிடைக்காத பொருளை அழித்தேன்.

இதே தவறு இன்று வீட்டுக்கு வீடு நடக்கிறது என்பதுதான் என் கவலை. "இடம் போதவில்லை" என்று கைப்பேசி சொன்னதும் நாம் என்ன செய்கிறோம்? வாட்ஸ்அப்பைத் திறந்து, பழைய குரல் பதிவுகளை ஒன்றைக்கூடக் கேட்டுப் பார்க்காமல் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழிக்கிறோம். அதில் அம்மா பாடியது இருக்கலாம், அப்பா கூப்பிட்டது இருக்கலாம். அன்று கடைக்காரராவது "அழிச்சிடலாமா" என்று அந்தக் குரலைக் கேட்டுவிட்டுக் கேட்டார். இந்தக் கருவியும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது, ஆனால் உள்ளே யார் பாடுகிறார்கள் என்று சொல்வதில்லை.

"சார், நாங்கதான் எல்லாத்தையும் வீடியோ எடுக்கிறோமே" என்பீர்கள். எடுக்கிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன். பிறந்தநாள் கேக், கல்யாண மேடை, சுற்றுலா எல்லாம் இருக்கின்றன. அவற்றில் பாட்டியை ஒரு ஓரத்தில் நாற்காலியில் உட்காரவைத்திருப்பீர்கள், பின்னால் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடும். அவரைப் பாடச் சொல்லிக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

நாட்டுப்பாடல்களைத் தொகுத்துவிட்டார்களே என்றும் சிலர் சொல்லலாம். பேராசிரியர் நா. வானமாமலை தொகுத்தார். விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் இணையர் ஊர் ஊராகப் போய்ச் சேகரித்துப் பாடினார்கள். அவர்களுக்கு நாம் கடன்பட்டவர்கள். ஆனால் உங்கள் தாய்மாமன் பெயரும் உங்கள் ஊர்க் குளமும் வருகிற தாலாட்டு எந்தப் புத்தகத்திலும் இருக்காது. இருந்தாலும், பாட்டி மூச்சு வாங்கி மறுபடி தொடங்குகிற இடத்தைத் தாளில் எழுத முடியாது.

பதிவது பாதி வேலைதான். திரும்பக் கேட்பது மீதிப் பாதி. கேட்காத பதிவு எங்கே இருக்கிறது என்றே நமக்குத் தெரியாமல் போகும். கைப்பேசி மாறும், கடவுச்சொல் மறக்கும், மெமரி கார்டு ஒருநாள் திறக்காது. வருடத்துக்கு ஒருமுறை கேட்கிற பதிவுக்கு இந்த விபத்து நேராது. கேட்கும்போதே அது இருக்கிறதா என்று சோதித்தும் ஆகிவிடும்.

ஆகவே, பிள்ளைகளே, வாத்தியார் புத்தி போகாது, வீட்டுப்பாடம் தருகிறேன்.

1. இந்த மாதத்துக்குள் உங்கள் வீட்டில் வயதில் மூத்த ஒருவரைப் பாடச் சொல்லிக் கைப்பேசியில் பதியுங்கள். தாலாட்டு, நடவுப் பாட்டு, கும்மி, பள்ளியில் படித்த செய்யுள் எதுவானாலும் சரி. நல்ல நாளில் ஒப்பாரி பாடச் சொல்லாதீர்கள், பாட மாட்டார்கள். பாட்டு வராது என்றால் வாய்ப்பாடு சொல்லச் சொல்லுங்கள். அந்தக் காலத்து வாய்ப்பாட்டுக்கும் ராகம் உண்டு.

2. மின்விசிறியையும் டிவியையும் நிறுத்திவிட்டுப் பதியுங்கள். தொடக்கத்தில் யார் பாடுகிறார், என்ன தேதி, எந்த ஊர் என்று நீங்களே வாயால் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயரிலும் அதையே எழுதுங்கள். எண்களாக விட்டுவிட்டால் அப்புறம் தேடவே முடியாது.

3. இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று உங்களிடம், இன்னொன்று வேறு வீட்டில் உள்ள அண்ணன், தங்கையிடம். ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறத்தாழ 1 எம்.பி. இடம் போதும். இடம் இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

4. அவர்களைக் கேட்காமல் இணையத்தில் போடாதீர்கள். நமக்காகப் பாடினார்கள், ஊருக்காக அல்ல.

என் மகளுக்கு நான் சொன்ன பதிலையும் சொல்லிவிடுகிறேன். பரணிலிருந்து அந்தக் கேசட்டை எடுத்தேன். டேப் ரெக்கார்டருக்குப் பெல்ட் மாற்றி ஓட வைத்தோம். பி பக்கத்தில் ஆறாவது பாட்டு முடிந்ததும் கடைக்காரர் நிறுத்தியிருக்கிறார். அதற்குப் பிறகு கொஞ்சம் நாடா மிச்சம். அதில் பாட்டு இல்லை. அப்பாயி பாடி முடித்துவிட்டு என்னைக் கேட்கிறார்: "என்னய்யா, நான் பாடுனது உள்ள போயிருச்சா?" பின்னால் என் மனைவி சிரிக்கிறாள், மகள் சிணுங்குகிறாள். அவ்வளவுதான், அரை நிமிடம்கூட இருக்காது.

மகள் அதை நான்கு முறை போட்டுக் கேட்டாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பிறகு என் மனைவி, "எனக்குப் பாதி ஞாபகம் இருக்குங்க" என்றாள். 40 ஆண்டுகளுக்கும் மேலாக இதை நான் அவளிடம் கேட்டதே இல்லை. மின்விசிறியை நிறுத்தினோம். அவள் தொட்டிலை ஆட்டிக்கொண்டே பாடினாள். மறந்த இடத்தில் எங்கள் பேத்தியின் தாய்மாமன் பெயரைப் போட்டு நிரப்பினாள். பெயர், தேதி, ஊர் எல்லாம் சொல்லிப் பதிந்துவிட்டோம். ஒரு பிரதி மகளிடம், ஒரு பிரதி மகனிடம். பேத்தி தூங்கவில்லை என்பது வேறு விஷயம்.

வீட்டுப்பாடம் முடித்தவர்கள் பாட்டை இங்கே போட வேண்டாம். "முடித்துவிட்டேன் சார்" என்று ஒரு வரி எழுதினால் போதும். நான் வருகைப் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்