கடையாணி இல்லாத வண்டிகள்



மாணவர் படைப்புகளின் கண்காட்சிகளில் ஒரு காட்சியை இப்பொழுது தவறாமல் காண முடிகிறது. மேசையில் ஒரு மடிக்கணினி. திரையில் வண்ணம் தீட்டிய முப்பரிமாண வண்டி ஒன்று. வந்தவர்கள் வியக்கிறார்கள், கைதட்டுகிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வண்டியின் சக்கரத்தைச் சுட்டியால் பிடித்துச் சற்றே இழுத்துப் பாருங்கள். பல வண்டிகளில் சக்கரம் சுழலாது. ஒன்று, கழன்று வந்து திரையின் மூலையில் நிற்கும். அல்லது வண்டி முழுவதையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும்.

அது வண்டியன்று, வண்டியின் படம். படம் வரைய ஓவியக்கலைப் பாடம் இருக்கிறது. ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ என்று பெயர் சூட்டிய பாடத்திலும் படம் மட்டும்தான் என்றால், அந்தப் பெயர் எதற்கு?

குறை எங்கே இருக்கிறது? பாகங்களைக் கண்ணளவாக இழுத்து இழுத்து அருகில் வைக்கிறோம். பொருந்தியதுபோல் தெரிந்தவுடன் வேலை முடிந்தது என்கிறோம். கணினிவழி வடிவமைப்பில் பாகங்களை இணைக்கும் முறை அதுவன்று. எந்தப் பாகம் எதனோடு, எவ்வாறு உறவு கொள்கிறது என்பதைக் கணினிக்குச் சொல்ல வேண்டும். அந்த உறவுக்குப் பெயர் இணைப்புக் கட்டுப்பாடு. இன்வென்டர் மென்பொருளில் இது ‘கன்ஸ்ட்ரெயின்ட்’, சாலிட்வொர்க்ஸில் ‘மேட்’. ஃபியூஷனில் ‘ஜாயின்ட்’ என்ற பெயரில் இதே வேலை நடக்கிறது. பெயர்கள் வேறு, கருத்து ஒன்றே.

கருத்து இதுதான். கட்டற்ற ஒரு பொருளுக்கு ஆறு அசைவுரிமைகள் உண்டு. முன்பின், இடவலம், மேல்கீழ் என மூன்று நகர்வுகள். அம்மூன்று திசைகளையும் அச்சாகக் கொண்டு மூன்று சுழற்சிகள். ஒவ்வொரு கட்டுப்பாடும் அவற்றுள் சிலவற்றைப் பறிக்கிறது. முதலில் வண்டியின் அடிப்பலகையை நிலைநிறுத்துகிறோம்; அதன் ஆறும் போயின. பிறகு சக்கரத்தின் அச்சும் பலகையில் உள்ள தண்டின் அச்சும் ஒன்றே என்கிறோம். சக்கரத்தின் ஆறில் நான்கு போய்விடுகின்றன. எஞ்சியவை இரண்டு: தண்டைச் சுற்றிச் சுழலலாம், தண்டின் நெடுக வழுக்கலாம். சக்கரத்தின் பக்கத்தைத் தண்டின் விளிம்போடு பொருத்திவிட்டால் வழுக்கலும் நின்றுபோகும். மிஞ்சுவது சுழற்சி ஒன்றே. அப்பொழுதுதான் அது சக்கரம்.

இதை மாட்டுவண்டி செய்த தச்சர் அறிந்திருந்தார். அச்சில் கோத்த சக்கரம் சுழலலாம். ஆனால் வெளியே வழுக்கி ஓடிவிடக் கூடாது. அதற்காகத்தான் அச்சின் நுனியில் கடையாணி அடித்தார். சுழற்சியை விட்டுவைத்து வழுக்கலை மட்டும் தடுக்கும் அந்தச் சிறிய ஆணி, ஓர் இணைப்புக் கட்டுப்பாடுதான். ‘இவற்றையெல்லாம் தமிழில் எப்படிச் சொல்வது?’ என்று கைவிரிப்பவர்களுக்கு இது விடையாகட்டும். அச்சு, கடையாணி, கீல், முளை, பொருத்து எனச் சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. இல்லாதது, அவற்றை வகுப்பறைக்குள் கொண்டுவரும் முனைப்பு.

‘எப்படி வைத்தால் என்ன, பார்வைக்கு ஒன்றாகத்தானே இருக்கிறது?’ என்று கேட்பவர்களும் உண்டு. ஒரே ஒரு மாற்றம் செய்து பாருங்கள். பலகையின் அகலத்தை 60 மில்லிமீட்டரிலிருந்து 80 ஆக்குங்கள். முறையாகக் கட்டுப்படுத்திய சக்கரங்கள் பலகையின் விளிம்போடு தாமும் விலகி நிற்கும். கண்ணளவாக வைத்த சக்கரங்களோ இருந்த இடத்திலேயே இருக்க, அகன்ற பலகை அவற்றை விழுங்கிவிடும். திருத்த முடியாத வடிவமைப்பு என்ன வடிவமைப்பு? திருத்திக்கொண்டே போவதற்காகத்தானே கணினியை நாடினோம்?

இது நேற்று முளைத்த நுட்பமும் அன்று. ஐவன் சதர்லேண்ட் 1963ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தம் முனைவர் பட்ட ஆய்வாக அளித்த ‘ஸ்கெட்ச்பேட்’ என்னும் நிரலிலேயே கட்டுப்பாடுகள் இருந்தன. இவ்விரு கோடுகளும் இணையாக இருக்கட்டும் என்றால், கணினியே அதனை நிறைவேற்றியது. கணினிவழி வடிவமைப்பு பிறந்தபோதே உடன்பிறந்த கருத்தை நாம் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறோம்.

இன்னொரு குறுக்குவழியும் பரவி வருகிறது. கழன்று போகிறதா? எல்லாப் பாகங்களையும் அசையாமல் பூட்டிவிடு! டிங்கர்கேட்டில் என்றால், எல்லாவற்றையும் சேர்த்து ‘குரூப்’ செய்துவிடு! டிங்கர்கேட் தொடக்கநிலைக்கு நல்ல கருவி. அதில் நான் குறை காணவில்லை. ஆனால் ‘குரூப்’ என்பது துண்டுகளை ஒரே உருவாக ஒட்டும் கட்டளை. ஒட்டுவது வேறு, பொருத்துவது வேறு. கதவைச் சுவரோடு ஒட்டிவிட்டு, கதவு மாட்டிவிட்டேன் என்று எவரேனும் சொல்வாரா?

நேர்மையாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். கட்டுப்பாடு இட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதில்லை. 5 மில்லிமீட்டர் துளைக்குள் 6 மில்லிமீட்டர் தண்டை வைத்து அச்சுகள் ஒன்றே என்றாலும் மென்பொருள் ஏற்றுக்கொள்ளும். தண்டு உண்மையில் நுழையுமா, நுழைந்தாலும் சுழல இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பது மாணவனின் பொறுப்பு. கணினி நமக்காகச் சிந்திக்காது என்பதும் அவன் கற்க வேண்டிய பாடமே.

‘தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இது அதிகம்’ என்பது அடுத்த தடை. கதவு எத்தனை வகையாக அசையும் என்று நான்காம் ஆண்டு மாணவனைக் கேளுங்கள். ஒன்று, கீலைச் சுற்றி. மேசை இழுப்பறை? ஒன்று, முன்னும் பின்னும். மேசைமேல் தட்டையாகக் கிடக்கும் புத்தகம், மேசையை விட்டு எழாமலும் சாயாமலும்? இருபுறமும் நகரலாம், முன்பின் நகரலாம், திரும்பலாம், மூன்று. இரு தளங்களை ஒட்டவைக்கும் கட்டுப்பாடு விட்டுவைப்பதும் இதே மூன்றுதான். இதற்குக் கணினிகூட வேண்டியதில்லை. கண்ணும் கையும் போதும். கணினி இருக்கும் பள்ளிகளுக்கும் செலவு ஒரு சாக்கன்று. கட்டணமின்றிக் கிடைக்கும் ஃப்ரீகேட் மென்பொருளின் 1.0 பதிப்பு 2024 நவம்பரில் வெளிவந்தபோது, பாகங்களை இணைக்கும் பணித்தளமும் அதனுள்ளேயே வந்துவிட்டது.

ஆகவே, என் வேண்டுகோள்கள் மூன்று.

1. ஆசிரியர்களே, மென்பொருளைத் திறக்கும் முன் அசைவுகளை எண்ணச் சொல்லுங்கள். எது அசைய வேண்டும், எது அசையக் கூடாது என்று மாணவன் தாளில் எழுதட்டும்.

2. நடுவர்களே, திரையைப் பார்த்துப் புள்ளி இடாதீர்கள். ஒரு பாகத்தை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஓர் அளவை மாற்றச் சொல்லுங்கள்.

3. பெற்றோர்களே, பிள்ளைக்காக நீங்களே இரவு விழித்துச் செய்து கொடுக்காதீர்கள். காசு கொடுத்துப் பிறர் கையால் செய்விக்கவும் வேண்டா. ‘இது ஏன் கழன்று விழவில்லை?’ என்று கேளுங்கள். பிள்ளை விடை சொன்னால் அந்த வண்டி அவனுடையது. சொல்லாவிட்டால், எத்தனை கோப்பைகள் வாங்கினாலும் அது அவனுடையதன்று.

பாராட்டு வேண்டியதுதான், பிள்ளைகள் வளர அது உரம். ஆனால் ஓடாத வண்டிக்கு ஓடியதாகச் சான்றிதழ் கொடுத்து அனுப்பினால், இடைநிலைப்பள்ளியிலும் தொழிற்பயிற்சிக் கூடத்திலும் அந்தப் பிள்ளைதான் தலைகுனிந்து நிற்க நேரும். நாம் அங்கே உடன் இருக்க மாட்டோம்.

சிந்திப்போம், செயல்படுவோம்.